அந்த வருசம் ஆடியில் காற்றில்லை

சங்கிலி தன் கல்யாணத்தன்று தாலியை உரைகல்லில் உரசிப் பார்த்துவிட்டுத்தான் கட்டினான் என்று அய்யலூர் ஆட்டுச் சந்தையில் சொல்வார்கள். அது பொய். தாலி அவன் வீட்டுச் செலவில் செய்தது. ஆசாரிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, உலை அணைகிற வரைக்கும் ஒன்றுக்குக்கூட எழுந்து போகாமல் செய்து வாங்கியிருந்தான். அவன் உரசிப் பார்த்தது மாமனார் போட்ட மோதிரத்தை. அதுவும் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, மடியில் கொண்டுபோயிருந்த உரைகல்லில். எதிர்ப்பந்தியில் இருந்த மாமனார் அதைப் பார்த்துவிட்டு, ரசத்தோடு இலையை மூடி எழுந்து போனார்.

டவுன் பஸ்ஸில் டிக்கெட் வாங்கினால் பக்கத்து ஆள் டிக்கெட்டும் அதே நிறமா என்று எட்டிப் பார்ப்பான். ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தால் முதல் நாள் பாதியைத் தின்றுவிட்டு, மறுநாள் உயிரோடு இருக்கிறோம் என்று நிச்சயமான பிறகே மீதிப் பாதியைத் தின்பான். "இந்த மனுசன் செத்தாலும் எமன்கிட்ட ஓலைய வாங்கிப் படிச்சுப் பாத்துட்டுத்தான் கிளம்புவாரு" என்பாள் அவன் பெண்சாதி மாயம்மாள்.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. தொழில் அப்படி. வியாழக்கிழமை தோறும் கூடுகிற அய்யலூர் சந்தையில் அவன் ஆட்டுத் தரகன். அங்கே விலையை வாயால் பேசுவதில்லை. விற்கிறவன் கையும் வாங்குகிறவன் கையும் ஒரு துண்டுக்கு அடியில் போகும். எத்தனை விரலை எப்படிப் பிடித்தான் என்பதுதான் விலை. வெளியே முகம் சிரித்துக்கொண்டு மழையைப் பற்றியும் மாமியாரைப் பற்றியும் பேசும். உள்ளே விரல் கழுத்தை அறுக்கும். பத்தொன்பது வயசில் தொடங்கி அந்தத் துண்டுக்குள் கைவிட்டவன் சங்கிலி. எதிராளி பொய் சொன்னால் விரல் ஒரு நொடி வெடுக்கென்று துடிக்கும், அது தன் கைக்குத் தெரியும் என்பான். விடியற்காலையில் உப்பும் தவிடும் கரைத்த தண்ணீரை ஆட்டுக்கு வயிறு முட்டக் குடிக்க வைத்து, மெலிந்த கிடாவைக் கொழுத்த கிடாவாக நிறுத்துகிற வித்தையும் அவனுக்கு அத்துப்படி. தான் செய்கிற களவை உலகமே செய்யும் என்று நினைத்தான். அதில் பாதி சரியாகவும் இருந்து தொலைத்தது.

சந்தை போக அவனுக்கு இருந்தது கரட்டோரத்தில் நாலு ஏக்கர். மொட்டைக்காடு என்று பேர். ஒரு கிணறு, ஒரு புளியமரம், மழை பெய்தால் சோளமும் மொச்சையும். மழை பெய்யாவிட்டால் ஒன்றுமில்லை. அப்பன் விட்டுப்போன காடு. கிணற்றில் எத்தனை படி நனைந்திருக்கிறது என்று தினமும் எட்டிப் பார்க்காமல் அவன் பல் விளக்கியதில்லை. உலகத்தில் அவன் சந்தேகப்படாத ஒரே பொருள் அந்தக் கிணறுதான். அது போனால் தானும் போனோம் என்று இருந்தான்.

தொண்ணூற்று நாலாம் வருசம் தை மாதம் அந்தக் காட்டுக்கு ஒரு ஜீப் வந்தது. இறங்கியவன் பேர் ரொனால்டு. திண்டுக்கல் டவுனில் வாத்தியார் வீட்டுப் பிள்ளை, காந்திகிராமத்தில் படித்தவன், இருபத்தைந்து வயசு. காற்றிலிருந்து கரண்டு எடுக்கிற திட்டத்தில் தற்காலிக வேலை. இரண்டு மலைக்கு நடுவே இடைவெளி இருப்பதால் இங்கே காற்று நன்றாக வரும், ஒரு வருசம் அளந்து பார்க்க வேண்டும், காட்டு மூலையில் ஒரு கம்பம் நட இடம் கொடுத்தால் மாதாமாதம் காவல் சம்பளம் உண்டு என்றான். மாயம்மாள் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். சங்கிலி அவன் மோர் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கம்பம் எழுபது அடி. ஏணி போலக் குறுக்குச் சட்டம் அடித்த இரும்புக் கம்பம். உச்சியில் கொட்டாங்கச்சி அளவில் மூன்று கிண்ணங்கள் காற்றில் சுற்றின. பக்கத்தில் திசை காட்ட ஒரு வால். கீழே இடுப்பு உயரத்தில் ஒரு அலுமினியப் பெட்டி, அதற்கு ஒரு பூட்டு. கிண்ணம் எத்தனை சுற்று சுற்றியது என்பது ஒயர் வழியாக இறங்கி, பெட்டிக்குள் ஒரு சிறு மின்சில்லில் பதிவாகும். மாதத்தின் முதல் திங்கட்கிழமை ரொனால்டு வருவான், பழைய சில்லை எடுத்துப் புதுச் சில்லைச் சொருகிவிட்டுப் போவான்.

சங்கிலிக்குக் கிண்ணத்தின் மேல் கோபமில்லை. அது வெளியே தெரிகிறது, சுற்றுகிறது. பெட்டிதான் அவனை உறங்க விடவில்லை.

"தம்பி, இந்தப் பொட்டிக்குள்ள என்ன இருக்கு?"

"கணக்குண்ணே. காத்து எம்புட்டு வேகமா அடிச்சுச்சுன்னு."

"காத்து அடிச்சா எனக்குத் தெரியாதா? வேட்டி பறந்தா காத்து. இதுக்குப் போயி பூட்டு எதுக்கு?"

"மழைத்தண்ணி போயிரக் கூடாதுல்ல?"

"மழைக்கு மூடி போதும் அப்பு. பூட்டு மனுசனுக்கு."

ரொனால்டு சிரித்துவிட்டு, பெட்டியைத் திறந்தே காட்டினான். உள்ளே கட்டை விரல் அளவில் கறுப்பாக ஒரு பொருள், நாலு ஒயர், ஒரு பேட்டரி. அவ்வளவுதான். அதைப் பார்த்த பிறகு சங்கிலியின் சந்தேகம் இரண்டு மடங்கானது. இத்துனூண்டு சாமானுக்கா இவ்வளவு பெரிய கம்பமும் ஜீப்பும் காவல் சம்பளமும்? உள்ளே எவன் கையோ எவன் விரலையோ பிடிக்கிறது என்று முடிவு கட்டினான்.

யாருடைய விரல் என்று சொன்னவன் பீர் முகமது. லாரியில் ஆடு ஏற்றிக்கொண்டு தென்கோடி வரைக்கும் போய் வருகிற வியாபாரி. சந்தையில் சங்கிலிக்கு இருந்த ஒரே சிநேகிதன்.

"ஏலே சங்கிலி, தெக்க போயிப் பாரு. பனைமரத்த விட ஒசரமா காத்தாடி. ஒண்ணா ரெண்டா? கண்ணு எட்டுற மட்டும். மேகம் வந்தா இறக்கைய வச்சு அடிச்சு வெரட்டி விட்டுருதாம். அது நட்டதுலருந்து மழையே இல்லேன்னு டீக்கடையில பேசிக்கிறாங்க."

"நீ பாத்தியா?"

"காத்தாடியப் பாத்தேன். மழையப் பாக்கல."

இதைவிடச் சாட்சி என்ன வேண்டும்? சங்கிலி விரல் விட்டுக் கணக்குப் போட்டான். இப்போது அளக்கிறார்கள். நன்றாகக் காற்று அடிக்கிறது என்று கணக்கு வந்தால் காத்தாடி வரும். காத்தாடி வந்தால் மேகம் போகும். மேகம் போனால் கிணறு போகும்.

அடுத்த திங்கட்கிழமை ரொனால்டிடம் கேட்டான். "தம்பி, காத்தாடி வந்தா மழை போயிருமா?" ரொனால்டு சிரித்தான். அதற்கு அடுத்த மாதமும் கேட்டான். "அதெல்லாம் இல்லண்ணே" என்று சிரித்தான். வைகாசியில் மூன்றாம் தடவை கேட்டபோது, கிண்ணத்தைத் துடைக்க ஏறியிருந்தவன் கம்பத்து மேலிருந்தபடியே வாய்விட்டுச் சிரித்தான். துண்டுக்குள் கை கொடுத்தவன் எவனாவது விலை கேட்கும்போது சிரித்தால், அவன் பொய் சொல்கிறான் என்பது சங்கிலியின் இருபது வருசப் படிப்பு.

அன்றைக்குச் சில்லை மாற்றிவிட்டு, புளியமர நிழலில் மாயம்மாள் கொடுத்த கூழைக் குடித்துக்கொண்டே ரொனால்டு சொன்னான்: "அண்ணே, ஆடி மாசம்தான் முக்கியம். அதுல காத்து நல்லாப் பதிவாகணும். இந்த ஒரு வருசக் கணக்கு சுத்தமா வந்துச்சுன்னா என் வேலை நிரந்தரமாயிரும். வீட்ல தங்கச்சி கல்யாணத்துக்கு நிக்கிது. செத்த பாத்துக்கங்க."

மாயம்மாள் உச்சுக்கொட்டினாள். சங்கிலி மனசுக்குள் சிரித்தான். 'இந்தக் கிடா வித்தாத்தான் என் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துச் சட்டை' என்று சந்தையில் வாராவாரம் சொல்கிறவன் அவன். அவனுக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையே கிடையாது. ஒரே மகள் அன்புக்கரசியைக் கட்டிக்கொடுத்து மூன்று வருசமாகியிருந்தது.

ஆடி பிறந்தது. அம்மி பறக்கிற காற்று. ரொனால்டு வந்து போன மறுநாள், கிழக்கு வெளுக்கும்போது, சங்கிலி வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக்கொண்டு கம்பத்தில் ஏறினான். சின்ன வயசில் தென்னை ஏறிய கால். ஆட்டைக் கட்டுகிற கற்றாழை நார்க் கயிற்றால் சுற்றுகிற கிண்ணத்தைப் பிடித்து, சட்டத்தோடு சேர்த்துக் கட்டினான். சந்தையில் போடுகிற முடிச்சு. ஆடு இழுத்தால் இறுகும், நுனியைச் சுண்டினால் அவிழும். காற்று அவன் காதில் ஊளையிட்டது. கிண்ணம் அசையவில்லை.

முழு மாதமும் கட்டிவைக்க அவன் முட்டாளில்லை. செத்த ஆட்டை எவனும் விலை கேட்க மாட்டான், கூட்டம்தான் கூடும். மெலிந்த ஆட்டைத்தான் பேசாமல் தாண்டிப் போவார்கள். அதனால் நாலு நாள் கட்டினான், ஒரு நாள் அவிழ்த்துவிட்டான். மறுபடி நாலு நாள் கட்டினான். வாழ்நாளெல்லாம் மெலிந்ததைக் கொழுக்க வைத்தவன், முதல் தடவையாகக் கொழுத்ததை மெலிய வைத்தான். ரொனால்டு வருவதற்கு முந்தின நாள் சுத்தமாக அவிழ்த்து எறிந்தான்.

மாயம்மாளுக்கு ஒரு வாரத்திலேயே தெரிந்துவிட்டது. கம்பத்துக்குக் கீழே நின்று கத்தினாள்.

"இறங்குய்யா கீழ! சோறு போடுற கம்பத்தையா கட்டி வைக்கிற?"

"ஓ வேலையப் பாரு. மழை போச்சுன்னா மண்ணத் திம்பியா?"

"அந்தப் பய பாவம்யா. தங்கச்சி இருக்குன்னு சொன்னான்ல?"

"சொன்னான். நாங்கூடத்தான் சந்தையில பிள்ளைக்குச் சட்டைன்னு சொல்றேன்."

"ஊர்ல எல்லாரும் ஒன்ன மாதிரியே இருப்பாகளா?" என்றாள் மாயம்மாள். அவனிடம் அதற்குப் பதில் இருந்தது. இருப்பார்கள் என்பதுதான்.

ஆவணியில் இரண்டு ஜீப் வந்தது. பெரிய அதிகாரி ஒருவர் கண்ணாடி போட்டுக்கொண்டு தாளைப் புரட்டினார். ரொனால்டு முகம் வெளுத்துப்போயிருந்தது. இடுப்பில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு கம்பத்தில் ஏறினான். உச்சியில் வெகுநேரம் இருந்தான். கிண்ணத்தைத் தடவினான், சட்டத்தைத் தடவினான், எதையோ எடுத்துப் பையில் போட்டான். சங்கிலி கீழே புளியமரத்தடியில் ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டு நின்றான். ரொனால்டு இறங்கி வந்தான். சங்கிலியை ஒரு தடவை பார்த்தான். பிறகு அதிகாரியிடம் போய் இங்கிலீசில் ஏதோ சொன்னான். அதிகாரி சத்தம் போட்டார். ரொனால்டு தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பத்து நாளில் வேறு ஆட்கள் வந்து கம்பத்தைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அந்த ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. கிணறு பதினெட்டுப் படி நனைந்தது. சங்கிலி சந்தையில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்த நடையைப் பார்த்தால், அவனே மேகத்தைக் கயிறு கட்டி இழுத்து வந்தவன் என்று தோன்றும். "நான் மட்டும் இல்லேன்னா" என்று பீர் முகமதிடம் ஆரம்பிப்பான். என்ன செய்தான் என்பதை மட்டும் சொல்ல மாட்டான். அரசாங்கச் சாமானில் கை வைத்தது தெரிந்தால் போலீஸ் வரும் என்று அவனுக்குத் தெரியாதா?

அதையும் சேர்த்து ஏழு வருசம் அப்படிப் போனது. எட்டாம் வருசம் மழை பெய்யவில்லை. அதற்கடுத்த வருசமும் இல்லை. அதற்கடுத்த வருசம் ஐப்பசியில் வாசல் தெளிக்கிற மாதிரி இரண்டு தூறல். கிணற்றில் கடைசிப் படி வரைக்கும் காய்ந்து, அடியில் தவளை செத்துக் கிடந்தது. ஆழ்துளை போட்டான், ஐந்நூறு அடிக்கும் புகைதான் வந்தது. நாலு ஏக்கரில் இரண்டு ஏக்கர் விலையாகி அந்தப் புகையோடு போயிற்று. மொட்டைக்காட்டைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டிய வரைக்கும் ஒரு காத்தாடி கிடையாது. வானத்தை விரட்ட அங்கே ஒருவருமில்லை. ஆனாலும் மேகம் வரவில்லை.

அவன் அப்போதும் விடவில்லை. "பழனிக்கு மேக்க நட்டுருக்கான்ல, அதோட காத்து இங்க வரைக்கும் இழுக்குது" என்றான். பீர் முகமது அந்தப் பக்கம் போய் வந்தவன். "அங்கயும் மழை இல்லதேன். ஆனா காடு குடுத்தவனுக்கு வாடகை வருது. தாரு ரோடு வந்துருச்சு" என்றான். சங்கிலி எழுந்து வீட்டுக்குப் போனான். மாயம்மாள் சோற்றை வைத்தாள், வெஞ்சனமாகச் சுட்ட கருவாட்டை வைத்தாள். ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. அவள் சொல்லிக் காட்டியிருந்தால் அவனுக்குச் சாப்பாடு இறங்கியிருக்கும்.

இரண்டாயிரத்து நாலு, ஆடி மாதம், வியாழக்கிழமை. சந்தையில் காற்று புழுதியை வாரி இறைத்தது. சங்கிலி ஒரு கறுப்புக் கிடாவைப் பிடித்துக்கொண்டு நின்றான். வயிறு உருண்டு திரண்டு இருந்தது. விடியற்காலையில் அதற்காக அவன் ஒரு குடம் தண்ணீர் கரைத்திருந்தான்.

"அண்ணே, மொட்டைக்காட்டு அண்ணன்தானே?"

முன் நெற்றி ஏறி, கொஞ்சம் சதை போட்ட ரொனால்டு. பத்து வருசம் கழித்து எதுக்கு வந்திருக்கிறான்? யார் அனுப்பினார்கள்? பின்னால் போலீஸ் நிற்கிறதா என்று எட்டிப் பார்த்தான். ஒரு பழைய மொபெட்தான் நின்றது.

"செபஸ்தியார் திருவிழாவுக்கு ஒரு கிடா நேந்துக்கிட்டோம்ணே. எனக்கு ஆடு பாக்கத் தெரியாது. நல்லவேளை, தெரிஞ்ச மொகமா நீங்க நிக்கிறீங்க."

"அந்தக் காத்து ஆபீஸ்லதேன் இருக்கியா தம்பி?"

"இல்லண்ணே. சொந்தமா கடை. சூரிய வெளிச்சத்துல எரியிற விளக்கு, தண்ணி மோட்டாரு மாட்டிக் குடுக்குறேன். அந்த வேலை அந்த வருசமே போயிருச்சு."

"எதுக்கு?"

"ஆடி மாசக் கணக்குல காத்து இல்ல. மத்த கம்பத்துல எல்லாம் இருந்துச்சு. நான் எடத்துக்கே போகாம, உக்காந்த எடத்துலயே கணக்கத் திரிச்சுக் குடுத்துட்டேன்னு சொன்னாங்க. தங்கச்சி கல்யாணம் நாலு வருசம் தள்ளிப் போச்சு. அப்புறம் முடிஞ்சுருச்சு." யார் வீட்டுச் செய்தியையோ சொல்கிற மாதிரி சொன்னான்.

அப்படியானால் அந்தத் தங்கச்சி நிஜம். ஊரையே பொய்யன் என்று நினைத்த சங்கிலி, உள்ளபடி சொன்ன ஒருவனைப் பொய்யனாக்கி அனுப்பியிருக்கிறான். என்ன செய்வதென்று தெரியாமல், பழக்கத்தில் துண்டைக் கை மேல் போட்டு நீட்டினான். ரொனால்டும் கையை உள்ளே கொடுத்தான். அந்த விரல்கள் எதையும் பிடிக்காமல் சும்மா கிடந்தன.

"எனக்கு இந்த விரல் கணக்கெல்லாம் தெரியாதுண்ணே. நீங்க சொல்றதுதான் விலை."

சங்கிலி அந்தக் கையைக் கெட்டியாகப் பிடித்தான். துண்டு மூடியிருந்ததால் சொல்ல முடிந்தது.

"தம்பி, அந்தக் கிண்ணத்தக் கட்டி வச்சது நாந்தேன்."

"தெரியும்ணே."

"தெரியுமா?"

"மேல ஏறிப் பாத்தேன்ல. சட்டத்துல கத்தாழ நாரு சிக்கியிருந்துச்சு. அந்த நாருல முறுக்குன கயித்துலதான் உங்க ஆடெல்லாம் கட்டிக் கெடந்துச்சு."

"பெறகு எதுக்குச் சொல்லல?"

"சொன்னா போலீஸ் கேஸு. எனக்குப் படிப்பு இருந்துச்சு, வேற வேலைக்குப் போயிக்கலாம். நீங்க அந்தக் காட்ட வித்துத்தான் கேஸ் நடத்தணும். அதோட, தப்பு எம்மேலயும் இருக்குண்ணே. மழை போயிருமான்னு மூணு தடவ கேட்டீங்க. மூணு தடவையும் சிரிச்சேன். ஒரு தடவையாச்சும் உக்காந்து பதில் சொல்லியிருக்கணும்."

சங்கிலி நம்பவில்லை. எப்படி நம்புவான்? இவனுக்கு இதில் என்ன லாபம், எதை மறைக்கிறான், எங்கே இழுக்கப் பார்க்கிறான் என்று ஐம்பது வயசு மனசு ஓடியது. விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தான். சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல். எதுவும் துடிக்கவில்லை. கை வெதுவெதுப்பாக, அப்படியே இருந்தது. முப்பது வருசத் தொழிலில் இப்படி ஒரு கையை அவன் பிடித்ததில்லை. வெட்கத்தில் அவன் காது சுட்டது.

"சரிண்ணே, நேரமாச்சு. இந்தக் கறுப்பையே புடிச்சுக் குடுங்க. நல்லா கொழுகொழுன்னு இருக்கு."

சங்கிலி துண்டை எடுத்துத் தோளில் போட்டான்.

"இது வேணாம்."

"ஏன்ணே?"

"உப்பும் தவிடும் கரைச்சு ஒரு குடம் குடிக்க வச்சிருக்கேன். வயிறு பூரா தண்ணி. நாளைக்கு வத்திரும்."

உரக்கத்தான் சொன்னான். பக்கத்தில் நின்ற தரகர்கள் நாலு பேர் திரும்பினார்கள். அந்தச் சந்தையில் எல்லாருக்கும் தெரிந்த, ஒருத்தரும் சொல்லாத பேச்சு அது. பீர் முகமது பாய்ந்து வந்தான். "ஏலே, ஒனக்குப் புத்தி கித்தி கெட்டுப் போச்சா? நாளைக்கு நாங்க எப்படி விக்கிறது?"

சங்கிலி ரொனால்டின் கையைத் துண்டு இல்லாமல், எல்லாரும் பார்க்கப் பிடித்துக்கொண்டு, கூட்டத்துக்குள் போனான். மூலையில் ஒரு கிழவி பிடித்துக்கொண்டிருந்த, ஒட்டிய வயிற்றுச் செவலைக் கிடாவின் முன்னால் நின்றான்.

"இதான் ஆடு. வாயத் தெறந்து பல்லப் பாரு தம்பி. நான் சொல்றேன்னு நம்பாத. நீயே பாரு."

"நீங்க பாத்தா போதும்ணே" என்றான் ரொனால்டு.

சங்கிலி குனிந்து கிடாவின் வாயைத் திறந்தான். பல்லை எண்ணினான். கண் மறைத்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினான்.